மரமும் இரும்பும்: ஒரு குடும்பக் காரைக் காத்த வரலாறு

சுவடியியல் வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு கேள்வி எழும். கேட்கும் மாணவர் மாறுவார்; கேள்வி மாறாது. "பழைய ஓலை செல்லரித்ததும் புதிய ஓலையில் பிரதி எடுத்தார்கள் என்கிறீர்கள். அந்தப் பிரதியும் அரித்தபின் இன்னொரு பிரதி. அப்படியானால் நம்மிடம் இருப்பது சங்க காலத்து நூலா, போன நூற்றாண்டின் ஓலையா?" நூல் வேறு, ஓலை வேறு என்பது நான் வழக்கமாகச் சொல்லும் விடை. ஓலை அழியும், நூல் ஓலை விட்டு ஓலை தாவி வாழும். விடையில் பிழையில்லை. ஆயினும் சொல்லி முடித்ததும் எனக்கே ஒரு குறை தோன்றும். நூல் தானாகத் தாவுவதில்லை. எழுத்தாணி பிடிக்கத் தெரிந்த ஒரு கை, ஓலையைப் பதப்படுத்தத் தெரிந்த இன்னொரு கை, இவ்விருவருக்கும் சோறிட்ட ஒரு மடம் அல்லது ஒரு குடும்பம் என்று பலர் சேர்ந்தே அதைத் தூக்கிவிட்டிருக்கிறார்கள். அந்தக் கைகளைப் பற்றி நம் வகுப்புகள் அதிகம் பேசுவதில்லை.

அந்தக் கைகளைப் பற்றி என்னை யோசிக்க வைத்தது ஒரு கார். இலக்கிய வாசகர்களிடம் காரைப் பற்றிப் பேசுவது சற்றே கூச்சமாக இருக்கிறது. ஆனால் இது பாதி இரும்பும் பாதி மரமுமாகச் செய்யப்பட்ட கார். மரம் என்பதால் மட்கும்; மட்குவதால் பிரதி எடுக்கப்பட வேண்டும். இங்கிலாந்தில் 1953 முதல் 1971 வரை உற்பத்தியான மாரிஸ் மைனர் டிராவலர் என்னும் அந்தக் குடும்ப ஊர்தியையும், உற்பத்தி நின்று அரை நூற்றாண்டு கடந்த பின்னும் அது சாலையில் ஓடுவதற்குக் காரணமானவர்களையும் பற்றியது இக்கட்டுரை.

1

ஸ்டேஷன் வேகன் என்ற பெயரிலுள்ள ஸ்டேஷன், ரயில் நிலையம்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ரயிலிலிருந்து இறங்கும் விருந்தினரையும் அவர்தம் பெட்டி படுக்கைகளையும் விடுதிக்கோ பண்ணை வீட்டுக்கோ ஏற்றிச் செல்ல ஒரு வண்டி தேவைப்பட்டது. முன்பு குதிரை வண்டி செய்த வேலை அது. கார் நிறுவனம் எஞ்சினும் சக்கரமும் கொண்ட அடிச்சட்டத்தை மட்டும் விற்க, அதன்மீது உள்ளூர்த் தச்சர்கள் மரத்தால் கூடு கட்டினார்கள். ஆக, இவ்வகைக் கார் பிறந்த இடங்களுள் தச்சுப்பட்டறைக்கும் பங்குண்டு.

1923 இல் ஸ்டார் என்ற கார் இத்தகைய கூட்டுடன் தொழிற்சாலையிலேயே ஆயத்தமாகி விற்பனைக்கு வந்தது. 1929 இல் ஃபோர்டு நிறுவனம் தன் மாடல் ஏ காரில் ஒரு ஸ்டேஷன் வேகனைச் சேர்த்தது. அதற்கு வேண்டிய மரம் மிச்சிகன் மாநிலத்து அயர்ன் மவுண்டனில் ஃபோர்டுக்குச் சொந்தமாக இருந்த காடுகளிலிருந்தும் அறுவை ஆலைகளிலிருந்தும் வந்தது. அங்கே மிஞ்சிய மரத்துண்டுகளையும் சீவல்களையும் வீணாக்க மனமில்லாமல் ஃபோர்டு அவற்றைக் கரிக்கட்டிகளாக்கி விற்றார். இன்று அமெரிக்க வீடுகளின் கொல்லைப்புற அடுப்புகளில் எரியும் கிங்ஸ்ஃபோர்டு கரி, அந்தத் தொழிலின் வழித்தோன்றல்.

மரக்கூட்டின் அழகைப் போலவே அதன் தொல்லையும் பெரிது. மழையில் ஊறும், வெயிலில் வெடிக்கும், பொருத்துகள் தளர்ந்து கிறீச்சிடும், ஆண்டுதோறும் வார்னிஷ் கேட்கும். முழுதும் இரும்பாலான வில்லிஸ் ஜீப் ஸ்டேஷன் வேகன் 1946 இலும், பிளிமத் சபர்பன் 1949 இலும் வந்தபின் மரத்தின் காலம் முடியத் தொடங்கியது. உண்மையான மரம் உடலைத் தாங்கிய அமெரிக்க ஸ்டேஷன் வேகன்களின் வரிசை 1953 ஆம் ஆண்டுப் பியூக்குடன் முடிவுக்கு வந்தது. அதற்குப்பின் நடந்ததுதான் வேடிக்கை. மரத்தைக் கைவிட்டவர்களுக்கு மரத்தின் நினைவைக் கைவிட மனம் வரவில்லை. இரும்புக் கதவுகளின் மீது மரவரி அச்சிட்ட பிளாஸ்டிக் தாளை ஒட்டினார்கள். போருக்குப்பின் பெருகிய புறநகர்க் குடும்பங்களின் அடையாளமாக விளங்கிய அமெரிக்க வேகன்களில் பல இந்த ஒட்டுமரத்தோடு ஓடியவையே.

அட்லாண்டிக்கின் இக்கரையில் பெயரும் வேறு, வரலாறும் சற்று வேறு. பிரிட்டனில் இவ்வகைக் கார்களை ஷூட்டிங் பிரேக் என்றும் எஸ்டேட் கார் என்றும் அழைத்தார்கள். வேட்டைக்குச் செல்லும் பிரபுக்களையும், துப்பாக்கிகளையும், நாய்களையும் சுமந்த மரக்கூட்டு வண்டிகள் அவை. எஸ்டேட் என்ற சொல்லிலேயே நிலவுடைமையின் வாசனை இருக்கிறது. அந்தப் பிரபுக்களின் வண்டியைப் பள்ளி ஆசிரியரும் சிறு வணிகரும் வாங்கும் குடும்ப வண்டியாக இறக்கி வந்ததில் மாரிஸ் மைனர் டிராவலருக்குப் பெரும்பங்கு உண்டு.

2

மாரிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1906 இல் ஸ்மிர்னாவில், இன்றைய துருக்கியின் இஸ்மிரில், பிறந்தவர். 1922 இல் அந்நகரம் போரில் சிக்கியபோது குடும்பத்தோடு வெளியேற்றப்பட்டு, மால்டா வழியாக இங்கிலாந்து வந்து சேர்ந்தார். கணிதத்தில் தேறாத, ஆனால் காகிதத்தில் கோடு போட்டே சிந்திக்கும் பொறியாளர். சாமானியர் வாங்கக்கூடிய சிறிய காரை, சிறியது என்ற தாழ்வுணர்ச்சி தராத வகையில் செய்ய வேண்டும் என்பது அவர் எண்ணம். நிறுவனத் தலைவரான நஃபீல்டு பிரபு இந்தக் காரைக் கண்டதும் வெந்நீரில் வேகவைத்த முட்டை போலிருக்கிறது என்று ஏளனம் செய்தார். உற்பத்தி தொடங்கும் தறுவாயில் கார் குறுகலாக இருப்பதாக இசிகோனிஸுக்கே தோன்றியது. மாதிரிக் காரை நெடுக்குவாட்டில் இரண்டாக அறுத்து, பாதிகளை விலக்கி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் அகலம் கூட்டினார். மைனரின் முன்மூடியில் நடுவே ஓடும் மேடு, அந்த அறுவையின் தழும்பு.

1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மைனர் வெளிவந்தது. 1960 இறுதியில் பத்து இலட்சமாவது மைனர் உருவாகியது. பிரிட்டிஷ் கார் ஒன்று அந்த எண்ணிக்கையைத் தொட்டது அதுவே முதல்முறை. கிராமப்புறச் செவிலியர், மருத்துவர், காவலர் எனப் பலரும் ஓட்டியதால் அது ஆங்கிலேய அன்றாடத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. நம்மிடமும் அதன் உறவுகள் உண்டு. 1950-களில் பேபி ஹிந்துஸ்தான் என்ற பெயரில் ஓடியது மைனரே. 1950-களின் பிற்பகுதி முதல் 2014 வரை உற்பத்தியான நம் அம்பாசிடர், மாரிஸ் ஆக்ஸ்ஃபர்டின் வார்ப்பு; மைனருக்கு ஒரே குலத்துப் பெரியண்ணன்.

1953 இலையுதிர் காலத்தில் டிராவலர் வந்தது. முன்பாதி, சாதாரண மைனரின் இரும்பு உடல். முன்கதவுக்குப் பின்னால் காட்சி மாறுகிறது. ஆஷ் என்னும் மரத்தால் ஆன சட்டங்கள், அவற்றுக்கிடையே அலுமினியத் தகடுகள், நகரும் சன்னல்கள், பின்னால் வீட்டுக் கதவுபோல இருபுறமும் திறக்கும் இரட்டைக் கதவு. பின்னிருக்கையை மடித்தால் ஒரு சிறு அறை அளவுக்கு இடம். மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமாக இருக்கும் டியூடர் காலத்து வீடுகளோடு இதை ஒப்பிட்டுக் கேலி செய்யாத ஆங்கிலேயர் குறைவு.

ஆஷ் மரத்தைத் தேர்ந்ததற்குப் பின்னால் நீண்ட மரபு உண்டு. நம் மாட்டுவண்டிச் சக்கரத்தில் குடம், ஆரக்கால், வட்டை என மூன்று உறுப்புகள் இருப்பதுபோல ஆங்கிலக் குதிரைவண்டிச் சக்கரத்திலும் உண்டு. குடத்துக்கு எல்ம், ஆரக்காலுக்கு ஓக், வட்டைக்கு ஆஷ் என்பது அவர்கள் வழக்கம். அதிர்ச்சியைத் தாங்கும், வளைந்து கொடுக்கும், பிளவுபடாது என்பதால் கோடரிக் காம்புக்கும் ஏணிக்கும் கூட ஆஷ் மரமே. ஆனால் ஈரத்தில் நிற்கவிட்டால் விரைவில் மட்கும். டிராவலரின் சிறப்பும் சாபமும் இந்த ஒரே மரத்தில் அடங்கியிருக்கின்றன.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். இசிகோனிஸ் 1959 இல் படைத்த மினி காருக்கும் பின்னர் இதே போன்ற மரச்சட்ட வடிவம் வந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் மினியின் மரம் இரும்பின்மேல் வைத்த அணி. பிடுங்கி எறிந்தாலும் கார் ஓடும். டிராவலரில் மரமே எலும்பு. மரத்தை எடுத்துவிட்டால் கூரை நிற்காது. யாப்புக்கும் அணிக்கும் உள்ள வேறுபாடு இது. அணி உதிர்ந்தாலும் செய்யுள் செய்யுளாக இருக்கும். யாப்பு சிதைந்தால் இருக்காது.

3

வார்னிஷ் பூசிய புதுமரம் சில ஆண்டுகள் பொன்னிறத்தில் ஒளிரும். பிறகு நீர் தன் வேலையைத் தொடங்கும். பின்சக்கரத்தின் வளைவை ஒட்டிய சட்டம், அடிச்சட்டம், சன்னல்கள் நகரும் பள்ளம், மரம் மரத்தோடு சேரும் பொருத்துகள் ஆகியவை நீர் தங்கும் இடங்கள். சன்னல் பள்ளத்தில் பாசி படரும். கவனியாது விட்டால் காளானும் முளைக்கும். மேலே பளபளக்கும் சட்டத்தில் பேனாக்கத்தியை அழுத்தினால் அது வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும்.

பிரிட்டனில் பழைய கார்களுக்கான ஆண்டுச் சோதனை 1960 இல் சட்டமாயிற்று. முதலில் பத்தாண்டுக்கு மேற்பட்ட கார்களுக்கு. 1967 முதல் மூன்றாண்டுக்கு மேற்பட்டவற்றுக்கு. டிராவலரில் மரம் உடலைத் தாங்குவதால் மட்கிய மரத்தோடு வரும் காரைச் சோதனையாளர் நிராகரிப்பார். எஞ்சின் நன்றாக இருக்கும், சக்கரம் நன்றாக இருக்கும், ஆனால் ஒரு சட்டம் மட்கியதால் கார் சாலைக்கு வரக்கூடாது. அதைச் சரிசெய்ய மெக்கானிக் போதாது, தச்சர் வேண்டும். தச்சர் கூலியைக் கணக்கிட்டால் காரின் விலையைத் தாண்டும். இரண்டு இலட்சத்துக்கு மேல் உற்பத்தியான டிராவலர்களில் மிகப் பெரும்பாலானவை இந்தக் கணக்கினாலேயே காயலான் கடைக்குப் போயின. கடைசி டிராவலர் 1971 வசந்தத்தில் வெளிவந்தது. வழக்கம்போல நடந்திருந்தால் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அந்த இனமே அற்றுப்போயிருக்க வேண்டும்.

அற்றுப்போகாததற்குச் சில காரணங்கள் உண்டு. முதலாவது, காரின் எளிமை. மட்கார்டுகளைத் திருகாணி கழற்றி மாற்றலாம். அதன் ஏ-சீரீஸ் எஞ்சின் பின்னர் மினி காரிலும் தொடர்ந்து 2000 ஆம் ஆண்டுவரை உற்பத்தியில் இருந்தது. இரண்டாவது, 1970-களின் நடுவில் உரிமையாளர்கள் தமக்குள் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். ஊருக்கு ஊர் கிளை, மாதக் கூட்டம், செய்தி இதழ். எந்தச் சட்டத்தை எந்த வரிசையில் கழற்றுவது, எந்தப் பசை நிற்கும், எந்த வார்னிஷ் உரியும் என்னும் அறிவு, முன்பு தொழிற்சாலையின் சில அறைகளுக்குள் மட்டும் இருந்தது, இப்போது கை மாறிக் கை பரவத் தொடங்கியது. தனியாள் ஒருவர் டிராவலரின் பக்கச் சட்டத்தை மாற்றுவது கடினம். கூரையைத் தாங்கிப் பிடிக்க ஒருவர், சட்டத்தைத் தூக்கிப் பொருத்த இருவர், கதவு நேராகத் தொங்குகிறதா என்று எட்ட நின்று பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். காரின் அமைப்பே கூட்டுவேலையைக் கேட்டது எனலாம்.

மூன்றாவது காரணம் ஒரு மனிதரும் அவர் கொண்ட கருத்தும். சார்லஸ் வேர் என்பவர் பாத் நகரில் பழைய ஜார்ஜியக் கால வீடுகளைப் புதுப்பிக்கும் தொழிலில் இருந்தவர். அத்தொழில் நொடித்தபின் 1976 இல் அதே நகரில் மாரிஸ் மைனர்களுக்கென்றே ஒரு நிலையம் தொடங்கினார். வீட்டுக்குக் கூரை ஒழுகினால் கூரையை மாற்றுகிறோம். வீட்டைத் தூக்கி எறிவதில்லை. காரை மட்டும் ஏன் எறிகிறோம் என்பது அவர் கேள்வி. புதிய கார் வாங்கிய நாளிலிருந்து விலை இறங்குகிறது. அந்த இழப்பை ஆண்டுதோறும் பழைய காரின் உறுப்புகளில் செலவிட்டால் கார் நிலைக்கும், பணமும் மிஞ்சும், ஒரு புதுக் காரைச் செய்யச் செலவாகும் இரும்பும் எரிபொருளும் மிஞ்சும் என்று அவர் வாதிட்டார். 1982 இல் இதை ஒரு நூலாகவே எழுதினார். பழமையின் மீதுள்ள ஏக்கத்தைப் பொருளாதாரமாக மாற்றிச் சொன்னது அவருடைய தனித்தன்மை. சூழலியல் பேச்சு இன்றுபோல் பெருகாத காலத்தில் இதைச் சொன்னார் என்பதும் நினைவுகொள்ளத்தக்கது.

4

இவ்விடத்தில் வரலாறு எதிர்பாராத ஒரு திசையில் திரும்பி நம் பக்கத்துக் கடலுக்கு வருகிறது. மைனரின் இரும்புத் தகடுகளைச் செய்யும் அச்சுகள் பிரிட்டனில் கைவிடப்பட்டுவிட்டன. புதிய தகடுகள் வேண்டுமென்றால் எங்கேனும் கையால் தட்டிச் செய்ய வேண்டும். இலங்கையில் மைனர்கள் ஏராளமாக ஓடின. அவற்றைப் பேணும் டிங்கர் வேலைக்காரர்களும் இருந்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் சார்லஸ் வேர் இலங்கைக் கூட்டாளியோடு அங்கே ஒரு தொழிற்கூடம் அமைத்தார். இங்கிலாந்தில் பிறந்து இலங்கைக்கு வந்த காரின் உறுப்புகள் இலங்கைக் கைகளால் செய்யப்பட்டு இங்கிலாந்துக்குத் திரும்பின.

அதே ஆண்டுகளில் அதே தீவின் வடக்கே வேறொரு வகைப் பேணல் நடந்தது. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெட்ரோல் செல்வது தடைபட்டது. மின்சாரம் இல்லை, உதிரி உறுப்புகள் இல்லை. அப்போது ஓடியவை மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின் ஏ40-களுமே. சில துளிப் பெட்ரோல் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். கரும்புகை கக்கிக்கொண்டு அவை நோயாளியை ஏற்றின, மணமக்களை ஏற்றின, இடம்பெயர்ந்தோரின் பானை சட்டிகளை ஏற்றின. நுண்ணிய மின்னணுப் பாகங்கள் கொண்ட பிற்காலக் கார்கள் இந்தப் பாட்டைத் தாங்கியிரா. நாற்பதாண்டுப் பழைய எஞ்சினுக்கு மட்டுமே அந்தப் பொறுமை இருந்தது. அதைத் திறந்து மூடத் தெரிந்த கைகளும் ஊருக்குள் இருந்தன.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது மனம் அமைதி இழக்கிறது. ஆங்கிலேயக் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் டிராவலரின் சட்டத்தை இழைத்துக்கொண்டிருந்தது விருப்பத்தால். யாழ்ப்பாணத்து மெக்கானிக் மண்ணெண்ணெய்க்குக் காபரேட்டரைத் திருத்திக்கொண்டிருந்தது வேறு வழியின்மையால். ஒன்றைப் பாரம்பரியப் பாதுகாப்பு என்கிறோம். மற்றொன்றுக்குப் பெயர் வைக்கவில்லை. கோப்பைகளும் சான்றிதழ்களும் முதலாமவருக்கே கிடைக்கின்றன. ஆனால் செயலின் உள்ளடக்கம் ஒன்றே. செய்தவன் கைவிட்ட ஒரு பொருளை, அதைப் பயன்படுத்துபவர்கள் தம் அறிவாலும் உழைப்பாலும் தொடர்ந்து வாழவைத்தார்கள். இக்கட்டுரையின் தலைப்பில் காத்தவர்கள் என்று யாரைக் குறிப்பது என்று கேட்டால் இருவரையும்தான் குறிப்பேன்.

5

சட்டங்கள் எல்லாம் மாற்றப்பட்ட டிராவலர் அதே டிராவலர்தானா? வகுப்பில் எழும் கேள்வியின் மறுவடிவம் இது. கிரேக்கர்களும் தீசியஸின் கப்பலை வைத்து இதையே கேட்டார்கள். பழைய வாகன ஆர்வலரிடையே இதுபற்றி நெடுங்காலமாகச் சச்சரவு உண்டு. தொழிற்சாலையில் இருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே புதிதாக்க வேண்டும் என்போர் ஒருபுறம். கீறலும் நெளிவும் காரின் வாழ்க்கை வரலாறு, அவற்றைத் துடைக்கக்கூடாது என்போர் மறுபுறம்.

1966 இல் தோன்றிய பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு, டூரின் சாசனம் என்னும் நெறிமுறையை 2013 இல் நடைமுறைப்படுத்தியது. கட்டடங்களைப் பேணுவதற்கான 1964 ஆம் ஆண்டு வெனிஸ் சாசனமே அதற்கு முன்மாதிரி. வாகனம் ஓடுவதற்காகப் பிறந்தது. ஆகவே ஓட்டுவதும் அதைப் பேணுவதன் பகுதி. காலப்போக்கில் நேர்ந்த மாற்றங்களும் வரலாறே; அவற்றை எண்ணிப் பாராமல் அழிக்கக்கூடாது. புதிதாகச் சேர்ப்பவற்றைப் பதிவு செய்ய வேண்டும். சாசனத்தின் சாரம் இவ்வளவே. ஏட்டுப் பிரதிகளைப் பதிப்பித்தவர்களுக்கு இது புதிதன்று. பாடவேறுபாடுகளை மறைக்காமல் அடிக்குறிப்பில் தருவதும், தாம் திருத்திய இடத்தைச் சொல்லிவிடுவதும் உ.வே.சாமிநாதையர் காலத்திலிருந்து நமக்கு வாய்த்த ஒழுக்கம்.

காரைப் பொறுத்தவரை நான் கண்ட விடை இது. ஓலைக்கும் நூலுக்கும் உள்ள உறவு இரும்புக்கும் காருக்கும் முழுமையாகப் பொருந்தாது. நூலுக்குப் பொருள் உண்டு. ஓலை எரிந்தாலும் மனப்பாடமாக வாழும். கார் மனப்பாடமாக வாழாது. ஆனால் அதைச் செய்யும் முறை வாழும். ஒரு சட்டத்தை மாற்றும்போது பழைய சட்டமே புதியதற்கு அளவு. இரண்டையும் அருகே கிடத்தி, ஓட்டைக்கு ஓட்டை, வளைவுக்கு வளைவு ஒத்துப் பார்த்தே வெட்டுகிறார்கள். பழையது முழுவதும் மட்கிப் பொடியாகும் முன் புதியது வந்துவிட வேண்டும். இந்தச் சங்கிலி ஒருமுறை அறுந்தால் பிறகு கிடைப்பது பிரதியன்று, கற்பனை. எல்லா உறுப்பும் மாறிய கார் அதே கார்தானா என்பதைக் காட்டிலும், மாற்றத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதன்முதல் உற்பத்தியான மைனர் இங்கிலாந்தின் கேடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது இருப்பது நல்லதே. ஆனால் மைனர் இனத்தை வாழவைத்திருப்பது அந்த ஒரு கார் அன்று.

குடும்பம் என்ற சொல்லும் இங்கே பொருள் விரிகிறது. டிராவலர் பெரும்பாலும் ஒருவர் கையில் நின்றதில்லை. தந்தை வாங்கியதை மகள் ஓட்டிப் பழகுவாள். பேரன் அதன் சட்டத்தை உப்புத்தாளால் தேய்ப்பான். ஒருவருக்கு நிறுத்த இடமுண்டு, ஒருவருக்குப் பணமுண்டு, ஒருவருக்குக் கைத்திறன் உண்டு. மூன்றும் ஒருவரிடமே இருப்பது அரிது. பிறக்கும்போது குடும்பத்தைச் சுமக்கச் செய்யப்பட்ட கார், முதுமையில் குடும்பத்தால் சுமக்கப்படுகிறது.

இதில் மிகையான மகிழ்ச்சிக்கும் இடமில்லை. ஈயம் கலந்த பெட்ரோலின் பொது விற்பனை பிரிட்டனில் 2000 ஆம் ஆண்டு தொடக்கத்தோடு நின்றபோது பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகளை மாற்றவோ மாற்றுச் சேர்மானம் ஊற்றவோ வேண்டியதாயிற்று. 2021 இல் பத்து விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபோது பழைய ரப்பர்க் குழாய்கள் ஆபத்துக்குள்ளாயின. 2018 முதல் நாற்பதாண்டு கடந்த, பெரிதும் மாற்றப்படாத கார்களுக்கு ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. சலுகைதான், ஆனால் சட்டம் குத்திப் பார்க்காத மரத்தை இனி உரிமையாளரின் மனச்சான்றுதான் குத்திப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய சோதனை மரத்துக்கே வந்திருக்கிறது. கிழக்காசியாவிலிருந்து பரவிய ஒரு பூஞ்சை நோய் 1990-கள் முதல் ஐரோப்பாவின் ஆஷ் மரங்களை அழித்து வருகிறது. பிரிட்டனில் அது 2012 இல் உறுதிசெய்யப்பட்டது. அந்நாட்டின் ஆஷ் மரங்களில் பத்தில் எட்டுப்பங்கு காலப்போக்கில் பட்டுப்போகலாம் என்பது அவர்களுடைய மதிப்பீடு. எஞ்சின் உறுப்பைத் தொழிற்கூடத்தில் வார்த்துவிடலாம். மரத்தை வளர்க்கவே முடியும். டிராவலரைக் காப்பவர்கள் இனிக் காட்டையும் காக்க வேண்டியவர்களாகிறார்கள்.

6

எங்கள் வீட்டில் ஓர் அம்பாசிடர் இருந்தது. தாத்தா வாங்கியது, அப்பா ஓட்டியது. அத்தைமார் இருவரின் திருமணத்துக்கும் அதுவே மாப்பிள்ளை அழைப்புக் கார். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் அது கொட்டகையில் இல்லை. அடித்தளம் துருவேறி ஓட்டையாகிவிட்டதாகவும், காயலான் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொண்டதாகவும் அப்பா சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. சித்தப்பாவிடம் இடமிருந்தது, பெரியப்பாவிடம் பணமிருந்தது, தெருமுனை டிங்கரிடம் கைத்திறன் இருந்தது. இம்மூவரையும் ஒரு மாலையில் ஓரிடத்தில் உட்காரவைத்துப் பேச வேண்டும் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவே. காரை இழந்தது துருவினால் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். டிராவலரின் கதையைப் படித்தபின் அப்படி நினைக்க முடியவில்லை.

கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏடுகளைத் தேடி உ.வே.சா. போனபோது அவற்றை ஆகம முறைப்படி நெருப்பில் இட்டுவிட்டதாக அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். பழுதுபட்ட ஏட்டைப் புதுப்பித்து எழுதிவிட்டுப் பழையதை நெருப்புக்கோ ஆற்றுக்கோ கொடுப்பதே பழைய முறை. இரண்டாம் பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு முதல் பாதியை மறந்துவிட்டதுதான் அங்கே நேர்ந்தது. எரித்தவர்களுக்கு ஏட்டின்மேல் பகை ஏதுமில்லை. எழுதும் கைகள் முன்பே இல்லாமற் போயிருந்தன.

இனி அந்தக் கேள்வி வகுப்பில் எழும்போது ஓலை வேறு, நூல் வேறு என்று சொல்லி நிறுத்திக்கொள்ளப் போவதில்லை. அடுத்த பிரதியை எழுத உங்களில் யாருக்கு எழுத்தாணி பிடிக்கத் தெரியும் என்று திருப்பிக் கேட்கலாம் என்றிருக்கிறேன்.